ஆலை வாசலில் தாவீது நின்ற இடம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நண்பர் குப்புராஜ் அவர்களே, மேடையில் உள்ள பெரியோர்களே, ஷிப்ட் முடிந்து குளிக்காமல்கூட வந்து அமர்ந்திருக்கும் ஆணித் தொழிற்சாலைத் தோழர்களே, வணக்கம்.

போன மாதம், உங்களோடு வேலை செய்த கன்னியம்மா என்னிடம் கேட்டாள்: "வராதன்னு தொரத்துன எடத்துக்கு இன்னாத்துக்கு சார் போவணும்? நமக்கு ரோசம் இல்லியா?"

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். சங்கத்துக்கு மனு எழுதித் தருபவன். எனக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார் நம் சங்கச் செயலாளர், தோழர் தாவீது.

"ரோசத்த ஊட்ல வச்சிட்டு வாம்மா. நீ ஆரம்பாக்கத்துல நடவுக்குப் போய்க்கினு இருந்தா, 'அவளே வேலைய வுட்டுட்டா'ன்னு கம்பெனில சொல்லிடுவாங்க."

அப்படி எத்தனை பேரை இழந்தோம்! அறுபத்தொன்பதாம் வருஷம் இதே ஆலையில் இருந்த சடையப்பன் போனது எப்படி? மேஸ்திரி ஏசியதும் திரும்பிப் பார்க்காமல் வயலுக்குப் போனார். வேலை போயிற்று. வகுப்பைவிட்டு வெளியே அனுப்பிய பிள்ளைக்கே ஆப்சென்ட் போடுவது போன்ற வேலை இது!

கன்னியம்மா கையுறைதான் கேட்டாள். 'நாளையிலிருந்து வராதே' என்றார் மேஸ்திரி. வெறும் வாய்ச்சொல், கையில் உத்தரவு இல்லை. ஆகவே தினமும் ஆலையின் முதல் சங்கு ஊதும்போது அவளோடு வாசலில் நின்றார் தாவீது. இருமிக்கொண்டே நின்றார்.

"இன்னா தாவீது, இது இன்னா மாமியார் ஊடா? தெனம் வந்து நிக்கிற?" என்றார் காவலாளி.

"மாமியார் ஊடா இருந்தா நாஷ்டாவாவது குடுத்திருப்பாங்கப்பா!"

கேட்டுச் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு உள்ளே போனீர்கள். குறை சொல்லவில்லை, பிள்ளைகுட்டிக்காரர்கள்.

தோழர் தாவீதே! உம்மைப் புதைத்துவிட்டு வந்து புகழ்கிறோம். புகழ்ந்து என்ன பயன்? தொழிலாளர் அலுவலர் முன்னால் பேச்சுவார்த்தை வருகிற வாரம். 'இவள் வேலைக்கு வந்தாள், உள்ளே விடவில்லை' என்று சொல்ல இருந்த ஒரே சாட்சி நீர். இனி யார் சொல்வது?

எனக்கும் அலுப்பாக இருக்கிறது, தோழர்களே. மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. இருந்தாலும் நாளை நான் அந்த ஆலை வாசலில் நிற்பேன். கன்னியம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும்வரை நிற்பேன். ஆனால் நான் வெளியாள். என் சொல் எடுபடாது. அங்கே வேலை செய்பவர் சொன்னால்தான் சபையேறும்.

நாளைக் காலை வாசலைத் தாண்டுமுன் கன்னியம்மாவின் பக்கத்தில் நின்று, உங்கள் பெயரைச் சொல்லி, "இவங்கள ஏன் உள்ள வுடல?" என்று காவலாளியிடம் கேளுங்கள்.