மூன்றாம் குரலுக்காக நின்றவர்கள்

நான் பேச எழுந்ததுமே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட தலைவர் அவர்களே! புகையைத் தின்று, வெப்பத்தைக் குடித்து, ஓய்வு பெற்ற பின்னும் இருமலை மட்டும் ஒப்படைக்காமல் வைத்திருக்கும் மூத்த மீட்பு வீரர்களே! பிள்ளைகளைச் சுரங்க மீட்புக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் வீடு திரும்பும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! நாளை முதல் இந்தப் புதிய பயிற்சிக்கூடத்தில் முட்டி தேயத் தவழப்போகும் தம்பிகளே, தங்கைகளே! உங்கள் பயிற்சியாளரின் பணிவான வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பொய்யைக் கற்பித்தவள் நான். பொய்ப் புகை, பொய்ச் சரிவு, பொய்யாய் அலறும் அபாய மணி. மெய்யான உயிரைக் காக்கப் பொய்யான சுரங்கம்! நம் பழைய கூடம் எது? ஒன்பது கன்டெய்னர் பெட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்த இருட்டு. உள்ளே ஐம்பது டிகிரி வெப்பம். முதுகிலே காற்றுச் சிலிண்டர், முகத்திலே முகமூடி, கடைசிப் பெட்டியிலே எண்பது கிலோ பொம்மை. அந்தப் பொம்மைக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. ஏன் மாப்பிள்ளை? நான்கு பேர் தாங்கினாலும் நகரமாட்டார், என்ன கேட்டாலும் வாய் திறக்கமாட்டார். பின் வரிசை மருமகன்கள் சிரிக்கிறீர்கள், மன்னித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வாய் திறக்காத மாப்பிள்ளைக்கு வாய் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். அந்தக் கூடத்தைத் தம் கையால் கட்டியவரும் அவரே. சிக்கிக்கொண்டவரின் குரல் வேண்டும் என்று, பண்டக அறையில் ஒரு இரும்பு வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒலிப்பதிவுக் கருவியைப் பிடித்திருந்தவள் நான். வாளிக்குள்ளே ஏழு முறை சிரித்துக் கெடுத்தார். எட்டாம் முறை, "யாராவது இருக்கீங்களா? கால் மாட்டிக்கிச்சு, இங்க இருக்கேன்" என்று கூப்பிட்டார். சற்றே பொறுத்து இரண்டாம் முறை. நாற்பது வினாடி மௌனத்துக்குப் பின் மூன்றாம் முறை, எல்லாவற்றிலும் உரக்க. அதன்பின் ஒரு இருமல். பிறகு ஒன்றுமில்லை.

அவர் சுரங்கத்திலே போகவில்லை, தோழர்களே. சரிவிலே போகவில்லை, புகையிலே போகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். நான் சமையலறையிலிருந்து கொண்டுவருவதற்குள் போய்விட்டார். ஊருக்கெல்லாம் உயிர்காக்கக் கற்றுக்கொடுத்த இந்தக் கைகள் அவர் மார்பை அழுத்திக்கொண்டே இருந்தன. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

அவர் போன பிறகு எனக்கு மிச்சமிருந்தது அந்தக் குரல். கல்யாணப் படத்திலே அவர் பேசமாட்டார். அலமாரியிலே தொங்கும் சட்டை பேசாது. கூடத்து ஒலிபெருக்கியிலே மட்டும் அவர் கூப்பிடுவார். அதனால் நான் என்ன செய்தேன்? ஒலிபெருக்கிகளை நாள்தோறும் காலையில் சோதிக்க வேண்டும் என்று ஒரு விதியே எழுதினேன். மாதத்துக்கு ஒருமுறை சோதித்தாலே போதும் என்பது இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். தலைவருக்கும் தெரியும், தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டார். காலை ஏழு மணிக்கு, யாரும் வருமுன், இருட்டுப் பெட்டிக்குள் நின்று கேட்பேன். அவர் "இங்க இருக்கேன்" என்பார். எட்டு ஆண்டுகள், நாள் தவறாமல் கேட்டேன். ஏங்கினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பதிவை மாற்றுங்கள் என்று நம் ஒலிப் பொறியாளர் இரண்டு முறை சொன்னார். பயிற்சி மனப்பாடமாகிவிட்டது, எல்லோருக்கும் எப்போது என்ன வரும் என்று தெரிந்துவிட்டது என்றார். தேறுகிறவர்கள் நன்றாகத்தானே தேறுகிறார்கள் என்று அவர் வாயை அடைத்தேன்.

எப்படித் தேறினார்கள் தெரியுமா? முதல் இரண்டு குரலும் சுவரில் பட்டுச் சிதறும். மூன்றாவதுதான் தெளிவு. ஆகவே இரண்டு குரல் கேட்டதும் குழுத் தலைவன் கையை உயர்த்துவான், குழு நிற்கும், மூன்றாம் குரல் வரும், திசை தெரியும், பாய்வார்கள். எத்தனை நேர்த்தி! எத்தனை வேகம்! நானே மதிப்பெண் போட்டேன்.

சென்ற ஆண்டு மெய்யான சுரங்கம் சரிந்தது. மெய்யான புகை. மண் அள்ளும் வண்டியின் ஓட்டுநர் ஒருவர் உள்ளே கிடந்தார். கூப்பிட்டார். மீண்டும் கூப்பிட்டார். நம் குழுவின் தலைவன் கையை உயர்த்தினான். ஐந்து பேரும் நின்றார்கள். நாற்பது வினாடி போயிற்று, ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று. மூன்றாம் குரல் வரவே இல்லை. பிறகு கையால் தடவித் தடவித் தேடி எடுத்தார்கள். உயிர் இருந்தது. பதினாறு நாள் கழித்து நினைவு வந்தது. பேச்சு இன்னும் வரவில்லை.

அந்தத் தலைவன் என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அக்கா, அண்ணன் மூணு தடவ கூப்பிடுவாருல்ல? அதுக்காகத்தான் நின்னேன்" என்றான்.

அவன் மேல் குற்றம் உண்டா? இல்லை. கூப்பிட்டவர் மேல் உண்டா? இல்லவே இல்லை. ஒரு மனிதர் எத்தனை முறை கூப்பிடுவார் என்று கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் ஏக்கத்தைப் பாடமாக்கினேன், அந்தப் பாடத்துக்கு இன்னொரு வீட்டின் பேச்சு போயிற்று. ஓட்டுநரின் மனைவியைப் பார்த்து இதையே சொன்னேன். அந்த அம்மா, "அவர் குரல் எப்படி இருக்கும்னு எனக்கும் மறந்துடுமோன்னு பயமா இருக்குங்க" என்றார்.

ஆகவே இந்த அவையிலே அறிவிக்கிறேன். புதிய கூடத்தில் என் வீட்டுக்காரரின் குரல் ஒலிக்காது. பதிவை நேற்று நானே கழற்றி எடுத்தேன். இனி ஒவ்வொரு பயிற்சியிலும் வேறு வேறு குரல் வரும். ஒருமுறை கூப்பிடும் குரல், ஒன்பது முறை கூப்பிடும் குரல், முனகல் மட்டும், தட்டும் ஓசை மட்டும், ஒன்றுமே இல்லாத வெறும் இருட்டு. எது வருமென்று எவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமல் தேடுவதுதான் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் தொழில்.

அதற்கு எனக்கு ஒரு குரல் போதாது. உங்கள் குரல் வேண்டும்! தாயின் குரல் வேண்டும், தாத்தாவின் குரல் வேண்டும், திக்கிப் பேசுகிறவரின் குரல் வேண்டும், பயத்தில் பாதி முழுங்கும் குரல் வேண்டும்! வாசலருகே ஒரு சின்ன அறையில் ஒலிவாங்கி வைத்திருக்கிறோம். போகுமுன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மண்ணுக்கடியில் கிடந்தால் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படிக் கூப்பிட்டுவிட்டுப் போங்கள். கூச்சப்பட வேண்டாம், அம்மா, வெளியே கேட்காது.

முதல் குரலை நானே கொடுத்துவிட்டேன். யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிடத்தான் உள்ளே போனேன். கதவைச் சாத்தியதும் அது வாயில் வரவில்லை. "ஏங்க, எங்க இருக்கீங்க?" என்றுதான் வந்தது. பொறியாளர் அழித்துவிடவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். என்றாவது ஒருநாள் அந்தக் குரல் ஒலிக்கும்போது, தம்பிகளே, தங்கைகளே, இன்னொருமுறை கூப்பிடுவேன் என்று நிற்காதீர்கள். வந்துவிடுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்ட தலைவருக்கும், குரல் தரப்போகும் உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.