தேடக் கூட வந்தவள்

டாக்ஸ்ஹண்ட் நாய் வளர்க்கிறவர்கள் கால் வைத்த சோபா வாங்கக் கூடாது, மேடம். வாங்கினால் அதற்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, ஊர் முழுவதையும் தன்னைத் தேட வைத்துவிடும். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்பது அந்த டாக்ஸ்ஹண்ட்தான்.

நான் நாய்களுக்கு முடி வெட்டுகிறவள். கடைத்தெருவில் மருந்துக் கடைக்குப் பக்கத்துக் கடை. முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். குளிப்பாட்டுவது, சிக்கெடுப்பது, நகம் வெட்டுவது, காது துடைப்பது எல்லாம் நான். இந்த வட்டாரத்தில் என் மடியில் ஒரு தடவையாவது படுக்காத நாய் அபூர்வம். நாய்களுக்கு என்னை நன்றாகத் தெரியும். அவற்றை வளர்க்கிறவர்களுக்கு என் கைகளைத் தெரியும். நாயை நீட்டுவார்கள், திரும்ப வாங்கிக்கொள்வார்கள். முகத்தை நிமிர்ந்து பார்த்தவர்கள் குறைவு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தண்ணீர் பிடிக்கிறவர் குழாயையா பார்த்துக்கொண்டிருப்பார்?

அந்த டாக்ஸ்ஹண்ட் நேர்மையாக என்னிடம் வந்தது. கடையில் விட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. நீளமாக இருந்ததால் ரயில் என்று பெயர் வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் காணவில்லை. மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். கீழ்வீட்டுத் தையல்காரர் வெளியே வந்தார். எதிர்வீட்டு வங்கிக்காரரும் மனைவியும் வந்தார்கள். அதுவரை எங்களுக்குள் செருப்பு மாறிப்போனால் மட்டும்தான் பேச்சு. அன்றைக்கு எல்லாரும் தெருத் தெருவாகப் போனார்கள். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டார்கள். வங்கிக்காரர் மனைவி முதல்முறையாக என் வீட்டுக்குள் வந்து, திரைச்சீலை அழகாக இருக்கிறது என்றார்.

மதியமே சோபாவுக்கு அடியில் வால் தெரிந்துவிட்டது. இருந்தாலும் சாயங்காலம் வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வேலையை அவ்வளவு ஆர்வமாகச் செய்துகொண்டிருப்பவர்களைப் பாதியில் நிறுத்துவது மரியாதையாக இருக்காது.

நாய் கிடைத்ததும் எல்லாரும் சிரித்தார்கள். அதன் தலையைத் தட்டிக்கொடுத்தார்கள். பிறகு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். கதவு மூடும் சத்தம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ரயில் வயதாகி இயற்கையாகச் செத்தது. அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

அடுத்தது லாப்ரடார். ரொட்டிக் கடைக்காரருடையது. பெயர் பன்னு. மொட்டை மாடி வெயிலில் கட்டிப் போட்டிருந்தார்கள். பார்க்கப் பொறுக்கவில்லை, கூட்டிவந்தேன். நீங்கள் திருட்டு என்று எழுதிக்கொள்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் லாப்ரடாரை யாரும் திருட முடியாது, மேடம். கூப்பிட்டால் போதும், உங்கள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு உங்களுக்கு முன்னால் அது நடக்கும்.

மறுநாள் ரொட்டி வாங்கப் போனேன். கடைக்காரர் மனைவி அழுதுகொண்டிருந்தாள். நான் வேண்டுமானால் தேடக் கூட வரட்டுமா என்று கேட்டேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசி வெகுநாளாகியிருந்தது. அவருடைய தம்பி வந்தவர் போகாமல் தங்கிவிட்டதில் வந்த மனத்தாங்கல். நான் நடுவில் நடப்பேன், அவர் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். முதலில் எல்லாம் என் வழியாகத்தான். "இடது பக்கம் போகலாமான்னு கேளுங்கக்கா" என்பாள் அவள். நான் கேட்பேன். சில நாளில் நேராகவே பேசிக்கொண்டார்கள். இன்னும் சில நாளில் சிரித்தார்கள். நாய்க்கு என்ன நஷ்டம் சொல்லுங்கள். என் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு, தன் வீட்டு ரொட்டியைத்தான் தின்றது. அந்த ரொட்டிக்கு என்னிடம் அவர்கள் காசுகூட வாங்கவில்லை.

பிறகு, "நீங்க ஏன்க்கா சிரமப்படுறீங்க, நாங்க ரெண்டு பேரும் போய்ப் பார்த்துக்குறோம்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதனால் நான் நாயைக் கண்டுபிடித்தேன். பாலத்துக்கு அடியில் கிடந்தது என்று சொன்னேன். பெரிய கேக் ஒன்று செய்து கொடுத்தார்கள். இனிமேல் நான் அவர்கள் வீட்டு ஆள் என்றார் கடைக்காரர். அடுத்த வாரம் ரொட்டி வாங்கப் போனபோது அவள் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, அடுத்து யாருக்கு என்ன வேண்டும் என்று என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

நாயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கக் கூடாது என்பது அப்போது புரிந்தது.

நடுவில் ஒரு பக், ஒரு பீகிள். உங்களிடம் புகார் இருக்கிறது, பார்த்தேன். பக் மனிதரைவிட நன்றாகக் குறட்டை விடும். வீட்டில் இன்னொரு ஆள் தூங்குகிற மாதிரி இருக்கும். பீகிளுக்கு மூக்கு அதிகம், வெட்கம் இல்லை. குப்பைக் கூடையைக் கவிழ்த்து, நான் முந்தாநாள் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கே காட்டும். இரண்டையும் பிறகு கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன். வேறு விசேஷம் இல்லை.

அல்சேஷனைப் பற்றித்தான் நீங்கள் கேட்க விரும்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். அடிக்கடி அந்தத் தாளைத்தான் புரட்டுகிறீர்கள்.

அதன் சொந்தக்காரர் பணி ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். மனைவி தவறிவிட்டார். மகன் வெளிநாட்டில். நாய்க்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்திருந்தார். "வேலையில இருந்தவரைக்கும் அவன் விசிலுக்கு நான் ஓடுனேன்மா. இப்ப என் விசிலுக்கு அவன் ஓடி வரட்டும்" என்பார். கிழட்டு நாய், இடுப்பு விழுந்துவிட்டது. அதைப் போய் அவர் தினமும் மூன்று மாடி ஏறி இறங்க வைத்தார். அல்சேஷனுக்கு இடுப்புதான் பலவீனம். இது தெரியாதவர்கள் அதை வளர்க்கக் கூடாது. அவர் பால் வாங்கப் போன நேரத்தில் நான் கூட்டிவந்தேன். என்னைப் பார்த்ததும் நகம் வெட்டப் போகிறேன் என்று நினைத்துத் தானாகக் காலை நீட்டியது.

அவரோடு கண்டக்டரைத் தேடி நடந்த நாட்களை என்னால் மறக்க முடியாது. ஒரு தெருவுக்குள் நுழையும்போதே, அங்கே முன்பு எந்தப் பேருந்து போகும், எந்தத் திருப்பத்தில் எந்தக் கிழவி குடையோடு கை நீட்டுவாள் என்று சொல்லிக்கொண்டே வருவார். நிறுத்தம் வந்தால் நின்றுவிடுவார், பழக்கதோஷம். அங்கே நின்று விசில் அடிப்பார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். எதுவும் வராது. "வந்துடும் அண்ணா" என்பேன். எனக்கு அண்ணன் கிடையாது. சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை வாய்க்குப் பழகிவிட்டது.

வீட்டில் கண்டக்டர் கம்பளியில் படுத்திருக்கும். குரைக்காது. கதவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்கு இடுப்பு வலி குறைந்திருந்தது, அதை நீங்கள் கவனத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் கடையில் கூட்டம், என்னால் அவரோடு போக முடியவில்லை. நல்ல மழை. நான் இல்லாமல் அவர் போகமாட்டார் என்று நினைத்தேன். போயிருக்கிறார். நனைந்து, சளி நெஞ்சில் கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் தினமும் கஞ்சி கொண்டுபோனேன். முகம் துடைத்துவிட்டேன். நர்ஸ் என்னை அவருடைய தங்கை என்றே எழுதிக்கொண்டாள். கடைசியில் நினைவு தப்பித் தப்பி வந்தது. ஒரு தடவை கண்ணைத் திறந்து கேட்டார்:

"கண்டக்டர் ஏறிட்டானாம்மா?"

"ஏறிட்டான் அண்ணா."

"அப்ப வண்டிய எடுக்கலாம்."

எடுத்துவிட்டார்.

மகன் வந்து என் காலில் விழாத குறை. கூடப் பிறந்தவர்கள்கூட இப்படிப் பார்க்கமாட்டார்கள் என்றான். நீங்கள் இப்போது கேட்கிற கேள்வியை நானும் என்னிடம் கேட்டுக்கொண்டேன், மேடம். நாயை ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒரு நாள் கூட்டிப் போயிருக்கலாமே என்று. யோசித்துப் பார்த்தால் அதில் அர்த்தம் இல்லை. திருப்பிக் கொடுத்திருந்தால் அவருக்குப் பிறகு அது அநாதையாகியிருக்கும். என்னிடம் இருந்ததால் அதற்கு ஒரு வீடு இருந்தது. அடுத்த மழைக்காலம் வரை இருந்துவிட்டுப் போனது.

கடைசியாக இந்தப் பொமரேனியன்.

பாட்டு டீச்சருடையது. பெயர் சுருதி. பொமரேனியன் உருவத்தில் பஞ்சு மிட்டாய், குரலில் தீயணைப்பு வண்டி. டீச்சர் வீட்டில் பிள்ளைகள் பாடும்போது அதுவும் கூடப் பாடும் என்று பெருமையாகச் சொல்வாள். பிள்ளைகள் பாட்டைவிட்டு நாயைப் பார்க்கிறார்கள், அதன் தொண்டையும் கெடுகிறது. எடுத்துவந்தேன். பொமரேனியனை ஒட்ட மழிக்கக் கூடாது, முடி திரும்பச் சரியாக வளராது. இது எங்கள் தொழிலில் முதல் பாடம். எனக்குத் தெரியும். மழித்தேன். மழித்த பிறகு அது எந்த இனம் என்று நாய்களுக்கே சொல்லத் தெரியாது. பெரிய எலிக்கு யாரோ காது தைத்த மாதிரி இருந்தது.

டீச்சர் நல்ல பெண். என்னைவிட வயதில் சிறியவள், தனியாக இருந்தாள். சாயங்காலம் இருவரும் சுவர் சுவராகக் காணவில்லை நோட்டீஸ் ஒட்டுவோம். பசை நான் காய்ச்சுவேன். பிறகு என் வீட்டுக்கு வந்து டீ குடிப்பாள், அழுவாள், கொஞ்சம் பேசுவாள், வரவர அழுகை குறைந்து பேச்சு அதிகமானது. பின்னறையில் ஒரு வாடிக்கையாளரின் சொறி நாய் இருக்கிறது, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். ஒரு நாள் தாழ்ப்பாள் நழுவி அது ஓடிவந்து அவள் மடியில் தாவியது. அவள் அழுது முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். அருவருத்து இரண்டு காலையும் சோபாவின் மேல் தூக்கிக்கொண்டு, "ஐயோ பாவம், எடுத்துடுங்கக்கா" என்றாள். எடுத்துக்கொண்டு போனேன். என் கையில் அது நடுங்கிக்கொண்டே இருந்தது. குளிராக இருக்கும் என்று ஒரு துணியைச் சுற்றிவிட்டேன்.

ஒரு கட்டத்தில் டீச்சரே தெருமுனையில் நின்று, போதும், இனிமேல் கிடைக்காது என்றாள். இன்னும் ஒரு தெரு பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். நம்பிக்கை இழந்தவர்களைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

மாட்டிக்கொண்டது ஒரு சின்ன விஷயத்தில். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் கூடத்தில் உட்கார்ந்து ஏதோ நினைவில் முணுமுணுத்தாள். பாட்டுகூட இல்லை, ஒரே ஒரு ஸ்வரத்தை இழுத்தாள். பின்னறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அதே ஸ்வரம் வந்தது. அவள் நிறுத்தினாள். அதுவும் நின்றது. கொஞ்சம் இறக்கிப் பாடினாள். அதுவும் இறங்கியது. எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் இரண்டும் பிசகாமல் சேர்ந்திருந்தன என்பது அடுப்படி வரைக்கும் தெரிந்தது.

நான் டீயோடு வந்தபோது அவள் பின்னறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மழித்த நாய் அவள் தாடையை நக்கிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை.

"தினமும் எங்கூட வந்தீங்களேக்கா."

"ஆமா."

"பசை காய்ச்சிக் கொடுத்தீங்க. ஒவ்வொரு தெருவிலயும் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தீங்க. நீங்க எதைத் தேடுனீங்க?"

"சுருதியைத்தான்" என்றேன். வேறு எதைத் தேடுவேன்? அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நாயைத் துணியோடு தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். டீ ஆறிப்போனது.

ஆகவே, மேடம், எல்லா நாய்களையும் எடுத்தது நான்தான். யாரும் உடந்தை இல்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நாய்களின் நன்மைக்காகச் செய்தேன் என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆட்கள் வீட்டைச் சோதனை போட்டபோது நான் இடைஞ்சல் செய்ததாக அந்தத் தாளில் இருக்கிறது. அது சரியில்லை. மூன்று பேர் வந்தீர்கள். வேறு நாய் எதுவும் இல்லை என்று வாசலிலேயே உண்மையைச் சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. என்னை உட்காரச் சொன்னீர்கள், என்னால் உட்கார முடியவில்லை, அறை அறையாகக் கூட வந்தேன். பரணைப் பார்த்தோம், குளியலறையைப் பார்த்தோம், கட்டிலுக்கு அடியில் பார்த்தோம். உங்கள் கான்ஸ்டபிள் முட்டி வலிக்க எழுந்து, ஒன்றும் இல்லை, கிளம்பலாம் என்றார். ஒன்றும் இருக்காது என்று எனக்கும் தெரியும். எதற்கும் இன்னொரு தடவை எல்லாருமாகத் தேடிப் பார்த்துவிடலாமே என்றுதான் சொன்னேன்.