பேரை நக்குற பேய்

ஐயோ, அதை அழுத்திடாதம்மா! ஒரு நிமிஷம். பயந்துட்டியா? மன்னிச்சுக்கோ. ரயில்ல பக்கத்து சீட்டுக்காரங்க வீடியோ கேம்ல மூக்கை நீட்டுறது நம்ம டோக்கியோவுல கொலைக் குத்தம்தான். ஆனா இந்தப் பேயைக் கலவைக்குப் போடப் போறியே, அதான் வாய் சும்மா இருக்கல.

தெரியாம என்ன. நமேகுச்சி, நீள நாக்குக்காரன். சண்டைக்கு லாயக்கில்லாத பேய். ரெண்டாவது ஊர் தாண்டுறதுக்குள்ள எல்லாரும் இவனை இன்னொரு பேயோட கலந்து, பெரிய பேயா ஆக்கிடுவாங்க. இவன் அத்தோட காலி. அப்படித்தான் ஆகணும்னு நான் வெச்சேன்.

ஆமா, நான் வரைஞ்சதுதான். ஏன், கறுப்பு உடுப்பும் முத்து மாலையுமா இருக்கறவ பேய் வரையக் கூடாதா? சாவு வீட்டுக்குப் போறேன், அதான் இந்தக் கோலம். சொல்றேன் கேளு.

இந்த விளையாட்டோட முதல் பாகம் வந்தப்ப நீ பொறந்திருக்க மாட்டே. அதுல வந்த பேய் அத்தனையும் என் கை. பேசிப் பேசித்தானே பேயைக் கூட்டுச் சேக்கணும், அந்தப் பேச்சும் நான் எழுதினதுதான். எங்க பிரிவுத் தலைவர் கமேதானி என்ன செஞ்சார்ங்கறே? பின்னால வந்து நிப்பாரு. கொம்பு கொஞ்சம் பெருசா இருக்கட்டும்பாரு. அப்புறம் டீ எங்கேம்பாரு. உங்க ஆபீஸ்லயும் பொண்ணுங்கதான் டீ ஊத்தணுமா? இல்லையா? குடுத்து வெச்சவ.

வேலை முடிஞ்ச அன்னைக்கு, ஆபீஸே பீர் டம்ளரோட கூடி நின்னு கடைசி வரைக்கும் ஆடிப் பாத்தோம். முடிவுல பேருங்க ஓடுமே, அதுக்காக நான் டம்ளரைக் கீழ வெச்சுட்டு நின்னேன். பேய்கள்னு வந்துச்சு. கீழ கமேதானின்னு ஒரே ஒரு பேரு. சோத்துப் பொட்டலம் குடுத்த கடைக்கு நன்றின்னுகூடப் போட்டிருந்தாங்க. நான் இல்ல.

கேட்டேனே! கேக்காம விடுவேனா? அந்தாளு சொல்றாரு, இனுகாய் பொண்ணு, நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆனா உன் குடும்பப் பேரே மாறிடும், நான் எந்தப் பேரைன்னு போடுறதுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுத் தொலைச்சேன். அது இன்னும் தொண்டையில முள்ளா நிக்குது.

அடுத்த பாகத்துக்கு இவனை வரைஞ்சேன். வாசல்ல மாட்டின பேர்ப்பலகையை நக்கித் திரியுற பேய். இவன் நக்கின பேரு ஊருக்கே மறந்து போகும். காதுக்குக் கீழ மச்சம் தெரியுதா? கமேதானியோட மச்சம். பொய் சொல்றதுக்கு முன்னாடி நாக்கால மேலுதட்டைத் தொடுவாரு, அதையும் வெச்சேன். கலவைக்குப் போறப்ப, என் பேரை மட்டும் மறந்துடாதீங்க ஐயான்னு கெஞ்சுவான் பாரு, அதுவும் என் எழுத்துதான். நாட்டுல உள்ள பிள்ளைங்க எல்லாம் தினம் ஒருக்கா அந்தாளைக் கொல்லட்டும்னு இருந்தேன்.

கண்டுபிடிச்சாரான்னா, அங்கதான் கூத்து! பத்திரிகைக்காரன்கிட்ட, இது என் செல்லப்பிள்ளை, கண்ணாடியைப் பாத்து நானே வரைஞ்சேன்னுட்டாரு. நான் செருப்பால அடிச்சேன், அந்தாளு அதை எடுத்துத் தலையில வெச்சுக் கிரீடம்னு சொல்லிட்டாரு. அந்த வாரமே வேலையை விட்டேன்.

கல்யாணமா? பண்ணல. இன்னைக்கும் இனுகாய்தான்.

முந்தாநாள் அவர் சம்சாரம் போன் பண்ணுது, கமேதானி போயிட்டாராம். சவப்பெட்டிக்குள்ள அவருக்குப் பிடிச்சது ஏதாவது வெச்சு அனுப்பணும், விளையாட்டை வைக்கலாம்னா பிளாஸ்டிக், எரிக்கிற இடத்துல வேண்டாம்னுட்டாங்க. நீங்க அவருக்கு உதவிக்கு இருந்தவங்களாமே, நமேகுச்சி பொம்மை ஒண்ணு துணியில தெச்சுத் தருவீங்களான்னு கேக்குது.

உதவிக்கு இருந்தவ! ஆகட்டும்மா, என் பாக்கியம்னு தேனாக் குழைஞ்சேன்.

இந்தா, பையிலதான் இருக்கான். கண்ணுக்குப் பொத்தான்கூட வைக்கல, நூல்தான். மிச்சமில்லாம எரியணும்ல. அழகா இருக்கானா? வாய்க்குள்ள நாக்கைச் சுருட்டி வெச்சிருக்கேன். இழுத்துப் பாரேன். சும்மா இழு, அறுந்து போகாது. சிவப்புப் பட்டு. அதுல கறுப்பு நூல்ல என்ன தெச்சிருக்குன்னு படி.

இனுகாய் மிஸாவோ. ம், நான்தான்.

சுருட்டி உள்ள தள்ளிடு, வெளியில தெரியக் கூடாது. அந்தம்மா கையாலயே அவர் நெஞ்சு மேல வெக்கும். பொய் சொன்னா எமன் நாக்கைப் பிடுங்குவான்னு சின்னப் பிள்ளையில நம்மளைப் பயமுறுத்துவாங்கல்ல? பிடுங்கட்டும். பிடுங்குறப்ப படிக்கட்டும்.

அட, ஓமியா ஸ்டேஷன் வந்துடுச்சு. நான் இறங்கறேன்.

நீ இப்ப அழுத்தும்மா.