தள்ளாட்டத்துக்குச் சான்றிதழ்

தச்சநல்லூரில் நான் ஏறிய பேருந்தில், முன் இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க நண்பர்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அது வரும்போது வாரும்ங்காரு டாக்டர். அது வந்தா நான் எப்படிவே போக?” என்றார் சன்னலோரம் இருந்தவர்.

“எது வரும்போது?”

“தலைக்கிறக்கம்தான். உள்காதுல கோளாறாம். சும்மா நிக்கையிலேயே தரை சாயுது. இனி ஏணியில ஏறி எந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க? அதான் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்குச் சான்றிதழ் கேட்டுப் போனேன்.”

“தரலையா?”

“காது நல்லா கேக்கு, அதனால காதுல ஊனம் இல்லையாம். காலு ரெண்டும் திடமா இருக்கு, அதனால கால்லயும் இல்லையாம். நேரா நடந்து காட்டச் சொன்னாரு. அன்னைக்குன்னு பாத்து, மாப்பிள்ளை கணக்கா நடந்துட்டேன்.”

“கொஞ்சம் ஆடிக் காட்டியிருக்கலாம்லா?”

“இருக்கிற நோய்க்கு எதுக்குவே நடிக்கணும்?”

அவர்கள் இறங்குமிடம் வந்தது. சன்னலோரம் இருந்தவர் எழுந்த வேகத்தில் கிறக்கமும் வந்துவிட்டது. கம்பியைப் பிடித்தும் நிற்க முடியாமல், பக்கத்தில் நின்றிருந்த ஓர் அம்மாள்மேல் சாய்ந்தார். நண்பர் அவரை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“காலங்காத்தாலயே குடிச்சிட்டு வந்து நிக்காரு பாரு!” என்று அந்த அம்மாள் சத்தம் போட்டார்.

வண்டியே திரும்பிப் பார்த்தது. அவர் கண்களை இறுக்க மூடிக்கொண்டு, கோபமே இல்லாமல் நண்பரிடம் சொன்னார்:

“பாத்தீராவே? டாக்டருக்குத் தெரியாத தள்ளாட்டம் இந்த அம்மாவுக்கு ஒரே பார்வையில தெரிஞ்சிட்டு. அடுத்த தடவை இவங்களையும் கூட்டிட்டுப் போவோம்.”