எண்பதைத் தாண்டினா வர்ற சத்தம்

எங்க வீட்ல நிம்மதியா ரெண்டு வார்த்தை பேசணும்னா கார்லதான் மேடம் பேச முடியும். நெல்லித்தோப்புல வீடுங்க எப்படி ஒட்டிக்கிட்டு நிக்கும்னு உங்களுக்கே தெரியும். நான் இங்க இருமினா பக்கத்து வீட்டு தனக்கொடி அக்கா அங்கிருந்தே, "சூசை, மிளகு போட்டுக் குடிப்பா"ன்னு குரல் குடுக்கும். அதனால ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பொண்ணு செலினை மறைக்கல்வி வகுப்புல விட்டுட்டு, நானும் என் வீட்டுக்காரி மெரினும் திண்டிவனம் ரோட்ல ஒரு ரவுண்டு போவோம். பேசறதை அங்க பேசி முடிச்சிட்டு, வரும்போது பிரியாணி வாங்கிக்கிட்டு வந்துடுவோம்.

பேச்சு எப்பவும் ஒண்ணுதான். மெரினோட தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா, இருந்தவரு. அந்த வழியில அவளுக்கும் செலினுக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கு. எனக்கு இல்ல. அவ தம்பி டோனி பிரான்சுல இருக்கான். அங்க ஒரு முதியோர் இல்லத்துல அவளுக்கு வேலை பார்த்து வச்சிட்டு, "புள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்துடுக்கா"ன்னு வாரா வாரம் போன் பண்ணுவான். இவளும் போறேன்னு நின்னா. "நீங்களும் பேப்பர் போட்டு அப்புறமா வந்துடலாங்க"ன்னா. மேட்டுப்பாளையத்துல கம்பெனியில எனக்குக் கீழ நாப்பது பேர் வேலை செய்யறாங்க. நான் அங்க போயி பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து சாப்பிடணுமா? நீங்களே சொல்லுங்க.

பதினோரு வருசத்துல அவ மேல கை வச்சதில்ல. கத்தினதும் இல்ல. தனக்கொடி அக்காவை வேணா விசாரிச்சுப் பாருங்க.

கார் புதுசு. எண்பதைத் தாண்டினா டிங் டிங்னு விட்டு விட்டு ஒரு சத்தம் வரும். நூத்தி இருபதைத் தாண்டிட்டா விடாம அடிக்கும். முதல் தடவை நான் வேணும்னு மிதிக்கலை. அவ பிரான்சு பேச்சை எடுத்தா, கால் தன்னால அமுத்திடுச்சு. அந்தச் சத்தம் வந்ததும் அவ வெலவெலத்துப் போயி, "சரிங்க, போகலை, மெதுவா ஓட்டுங்க"ன்னா. நானும் காலை எடுத்துட்டேன். எவ்வளவு சுலபமா முடிஞ்சிது பாருங்க. கம்பெனியிலயும் நான் அப்படித்தான், ஒரு விசயம் வேலை செய்யுதுன்னா அதை மாத்த மாட்டேன்.

ஆனா மெரின் கெட்டிக்காரி. நாலு ஞாயித்துக்கிழமையில கணக்கு புடிச்சிக்கிட்டா. டிங் டிங்னு வர்ற வரைக்கும் தைரியமா பேசுவா. விடாம அடிக்க ஆரம்பிச்சாதான் சரின்னு சொல்லுவா. நடுவுல, "பாருங்க, காரே வேணாம்னு சொல்லுது"ன்னு அதைச் சாட்சிக்கு வேற கூப்பிடுவா. எனக்குச் சிரிப்பு வரும், எரிச்சலும் வரும். புருஷன் பொண்டாட்டி பேசற இடத்துல மூணாவது ஆள் எதுக்கு மேடம்?

லாஸ்பேட்டையில அருள்முருகன்னு ஒரு மெக்கானிக். அவன்கிட்ட கொண்டு போயி விட்டேன். "அண்ணே, அதை எடுக்கக் கூடாதுண்ணே, சட்டப்படி வச்சி அனுப்பறது"ன்னான். வீட்டுக்காரம்மா அந்தச் சத்தத்துக்கு ரொம்ப பயப்படறாங்கப்பான்னேன். "அப்ப மெதுவா போக வேண்டியதுதானண்ணே"ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். ஸ்டியரிங்குக்குக் கீழ படுத்துக்கிட்டு பத்து நிமிசத்துல முடிச்சிட்டான். அவனை இதுல இழுக்காதீங்க. அவன்கிட்ட நான் சொன்னது பொய்யும் இல்ல, அவ நிஜமாவே பயப்பட்டா.

அதுக்கப்புறம் வந்த ஞாயித்துக்கிழமை கோரிமேடு தாண்டறதுக்குள்ளயே சரின்னுட்டா. நான் அப்ப அறுபதுகூட போகலை. அவ உக்கார்ற இடத்துலேர்ந்து மீட்டர் தெரியாதில்ல, எவ்வளவுல போறோம்னு அவளுக்குப் புரியலை. ரெண்டு மாசம் எங்க வீட்ல அவ்வளவு அமைதி. கொஞ்சம் இளைச்சிட்டா. கார்ல ஏறினா கதவு மேல இருக்கற பிடியை விடவே மாட்டா. ராத்திரி தூக்கத்துலயும் கை மடங்கியே இருக்கும், நான்தான் பிரிச்சி விடுவேன். அவ்வளவு பாசமா வச்சிருந்தேன்.

அந்த ஞாயித்துக்கிழமை அவ பிடியைப் புடிக்கலை. கை ரெண்டையும் மடியில வச்சிக்கிட்டு, "டோனி டிக்கெட் அனுப்பிட்டான். வியாழக்கிழமை நானும் செலினும் கெளம்பறோம். சொல்லாம போகக் கூடாதுன்னுதான் சொல்றேன்"னா. நான் மிதிச்சேன். அப்பவும் அவ சொன்னா, "எவ்வளவு வேகமா போறீங்கன்னு எனக்குத் தெரியலைங்க. இனிமே தெரிஞ்சிக்கவும் வேணாம். நாங்க போறோம்."

எனக்கு வயித்தெரிச்சலா இருந்துது மேடம். அதை மறைக்கலை. இவ்வளவு செஞ்சும் இப்படிப் பேசறாளேன்னு இருந்துது.

பஞ்சரான கரும்பு லாரி ஒண்ணு இடது ஓரமா நின்னுச்சு. வர்ற வண்டிக்குத் தெரியணும்னு பின்னாடி வேப்பங்கொம்பு ஒடிச்சிப் போட்டிருந்தாங்க. ரொம்ப தூரத்துலயே எனக்குத் தெரிஞ்சிது. அவளுக்கும் தெரிஞ்சிது. "சொல்லு மெரின்"னேன். அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. "பாவங்க நீங்க"ன்னா. போகலைங்கற வார்த்தை மட்டும் வரலை.

ரோட்ல பிரேக் போட்ட தடமே இல்லையேன்னு கேட்டீங்கள்ல? நான் போடலை. ஸ்டியரிங்கை மட்டும் லேசா வலப்பக்கம் ஒடிச்சேன். எந்தப் பக்கம் லாரியில படும், எந்தப் பக்கம் தப்பும்னு எனக்கு நல்லாத் தெரியும். எழுதிக்கோங்க.

இன்னும் ஒரே ஒரு விசயம். அடக்கத்துக்கு வந்த டோனி, செலினைக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு நிக்கிறானாம். அதுவும் மாமாகூட போறேன்னு அழுவுதாம். ஒன்பது வயசுக் கொழந்தை, அதுக்கு என்ன தெரியும்? நீங்க கொஞ்சம் மனசு வையுங்க மேடம். ஒரு வண்டியும் அரை மணி நேரமும் குடுங்க. பக்கத்துல உக்கார வச்சி நான் ஒரு ரவுண்டு கூட்டிக்கிட்டுப் போயி பேசினா, அவளே போகலைன்னு சொல்லிடுவா.