பாம்புக்கு ஓரமில்லை

— போதும், ஃபோனைக் கீழே வைங்கோ. உங்களுக்குப் பாடம் நடத்த உட்கார்ந்தேன். நீங்க என்னடான்னா பாம்பு கேம்ல ஸ்கோர் ஏத்திண்டிருக்கேள்!

— இரு பத்மா, இன்னும் ரெண்டே இரை. லெக்சரர் ஆத்துக்காரனுக்கு இப்படி ஒரு உத்தியோகமா!

— கேலி பண்ணுங்கோ. நாளைக்குப் பத்து மணிக்கு எங்க டிபார்ட்மென்ட் ஹெட் சக்ரவர்த்தி பாபு என் கிளாஸைப் பார்க்க வரார். இந்த கேமை வச்சுப் பாடம் நடத்தப் போறேன்னதுக்கு, 'இது தேர்ட் இயர் ஜாமெட்ரி வகுப்பா, பூஜா மேளாவுல விளையாட்டு ஸ்டாலா'ன்னு கேட்டுட்டார் மனுஷன். பசங்களுக்குப் புரியலேன்னா இனிமே கிளாஸ்ல ஃபோனை எடுக்கவே விடமாட்டார். போன வருஷம் இந்தப் பேப்பர்ல பதினோரு பேர் ஃபெயில், தெரியுமோ?

— அதுக்கு ஒத்திகை பார்க்க நான்தான் கிடைச்சேனா?

— காலேஜ்ல படிச்சதையெல்லாம் மறந்துட்ட உங்களுக்கே புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்.

— ஓஹோ! இந்தப் பாலிகஞ்ச் பேட்டை முழுக்கத் தேடி, மந்தமான மண்டை இந்த ஸ்ரீநிவாஸோடதுதான்னு முடிவு பண்ணியாச்சு!

— கேளுங்கோன்னா. பாம்பு இடது ஓரத்துல இருக்கு, இரை வலது ஓரத்துல. எது கிட்டத்து வழி?

— நேரா குறுக்கே... இரு, இரு. இடது பக்கம் வெளியே போனா வலது பக்கமா உள்ளே வந்துடறதே! ஒரே எட்டுதான்.

— மேலே போனா?

— கீழேர்ந்து வரும். அட ராமா, அப்போ இந்தத் திரைக்கு ஓரமே கிடையாது!

— ஹப்பா! இப்போ இந்தக் காகிதம்தான் திரை. இடதும் வலதும் ஒண்ணுன்னா, ரெண்டையும் சேர்த்துப் பிடிங்கோ.

— குழாய் ஆயிடுத்து.

— மேலும் கீழும்கூட ஒண்ணுதானே?

— அப்போ குழாயோட ரெண்டு வாயையும் வளைச்சுச் சேர்க்கணும்... காகிதம் கசங்கறது, மேடம்... பத்மா! இது மெதுவடை! பாம்பு இத்தனை நாழியா வடை மேலதான் ஊர்ந்துண்டிருக்கு!

— ஓ மா! அதேதான்! அதைத்தான் நாங்க டோரஸ்னு சொல்றோம். நாலே நிமிஷத்துல பிடிச்சுட்டேளே!

— இவ்வளவுதானா? இவ்வளவுதானா அது?

— என்ன, திடீர்னு கேலியைக் காணோம்? பி.எஸ்ஸி. மேத்ஸ் பாஸ் பண்ணினவருக்கு இதுல என்ன புதுசு?

— பாஸ் பண்ணலை, பத்மா. பொண்ணு பார்க்க வந்தப்போ எங்கப்பா சொன்ன பொய் அது. இந்த டோரஸ் வந்த பேப்பர்லதான் மூணு தடவையும் போச்சு. பதினாறு வருஷமா உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்தது. நாளைக்கு உங்க ஹெட் நம்பலேன்னா, என்னைச் சாட்சிக்குக் கூப்பிடு.