கம்பெனியில் முப்பத்தொன்பது வயது

காலைக் குளிரில் மத்திகிரி டவுன் பஸ். என் முன் சீட்டில் யூனிபார்ம் சேலை கட்டிய இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவருக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது.

"கம்பெனில எனக்கு முப்பத்தொன்பது வயசு" என்றார் அவர்.

"நெசத்துல அம்பது. என்னைவிட நாலு வயசு பெரியவ. உடம்பு இப்பிடிக் கொதிக்குதே, நீயும் கம்பெனில நடத்துற யோகா கிளாஸுக்கு வாயேன்க்கா."

"அது பீரியட்ஸ் நிக்கிற வயசுக்காரங்களுக்குத்தானே? வயசக் குறைச்சுச் சொல்லிச் சேர்ந்தது தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க."

"அப்ப இங்கயே பண்ணு. கண்ண மூடிக்க. மூச்ச மெதுவா விடுக்கா."

மூன்று முறை விட்டார். அதற்குள் கம்பெனி கேட் வந்துவிட்டது. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தார். பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தொட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"எறங்கலாம் வாங்கக்கா."